மின்னஞ்சலில் டிப்ளமசி: முதல் ஆட்டம் 1902-லேயே நின்றுவிட்டது, அடுத்ததை எப்படி நடத்துவது?

எட்டாவது ஆள்:

வணக்கம். கல்லூரித் தோழர்கள் ஏழு பேர் சென்னை, சிங்கப்பூர், டொராண்டோ என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். நான் எட்டாவது ஆள், ஆட்டத்தில் இல்லை, ஆர்டர்களை வாங்கித் தீர்ப்புச் சொல்லி நடத்துகிறேன். தெரியாதவர்களுக்கு: டிப்ளமசி என்பது ஏழு பேர் ஆளுக்கொரு நாடாக ஐரோப்பிய வரைபடத்தில் ஆடும் பலகை ஆட்டம். கதை 1901-இல் தொடங்கும், வருஷத்துக்கு ஸ்பிரிங், ஃபால் என்று இரண்டு பருவம். ஒவ்வொரு பருவத்திலும் ஒருவரோடொருவர் பேரம் பேசிவிட்டு, தன் படைகள் என்ன செய்ய வேண்டும் என்ற ஆர்டரை ரகசியமாக எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருஷம் எல்லோரும் கூடியபோது பலகையை விரித்து ஆறு மணி நேரம் ஆடியும் முடியவில்லை, அதனால் மின்னஞ்சலில் தொடங்கினோம். ஸ்பிரிங் 1901 அருமையாகப் போனது, ஏழு பேரும் ஒருவருக்கொருவர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஃபால் 1901-இல் துருக்கியும் இத்தாலியும் ஆர்டர் அனுப்பவில்லை. இரண்டு நாள் பார்த்தேன், அப்புறம் இன்னும் இரண்டு நாள் கொடுத்தேன், அதற்குள் ரஷ்யா ஏற்கெனவே அனுப்பிய ஆர்டரை மாற்றிவிட்டார், அது தெரிந்து ஆஸ்திரியாவுக்குக் கோபம். போதாததற்கு பெல்ஜியத்தில் நான் ஒரு தீர்ப்பைத் தப்பாகச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினேன், பிரான்ஸுக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது. 1902-இல் ஆர்வம் வடிந்துபோய் நின்றுவிட்டது. இந்த ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், விட மனசில்லை. கெடு எத்தனை நாள் வைப்பது, ஆர்டர் வராவிட்டால் என்ன செய்வது, நடத்துபவர்மேல் சந்தேகம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கருங்கடல்:

நீங்கள் கொடுத்த அந்த நாலு நாள்தான் ஆட்டத்தைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். ஆர்டர் அனுப்பாதவருக்குச் சலுகை கொடுத்தால் நேரத்துக்கு அனுப்பியவரைத் தண்டித்த மாதிரி ஆகிவிடுகிறது, ஏனென்றால் இந்த ஆட்டத்தில் எல்லா நகர்வும் ஒரே நேரத்தில் நடக்கிறது, கூடுதலாகக் கிடைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவருடைய பேரத்தை மாற்றிவிடும். விதிப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது: ஆர்டர் இல்லாத படை இருந்த இடத்திலேயே நிற்கும், மற்றவர்கள் விரும்பினால் அதற்கு சப்போர்ட் கொடுக்கலாம், அதாவது தங்கள் படையின் பலத்தை அதோடு சேர்க்கலாம். விரட்டப்பட்ட படைக்குப் பின்வாங்க ஆர்டர் வராவிட்டால் அந்தப் படை கலைந்துவிடும். புதுப் படை கட்ட ஆர்டர் வராவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. கடுமையாகத் தெரியும், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி.

நான் ஸ்பிரிங்குக்கு ஒரு வாரம், ஃபாலுக்கு ஒரு வாரம், பின்வாங்கலுக்கும் படை கட்டுவதற்கும் இரண்டிரண்டு நாள் வைக்கிறேன். ஆட்டத்தின் ஒரு வருஷம் நமக்கு மூன்று வாரம் ஓடும், 1910 வரை போனால் ஆறேழு மாதம். இதை முதல் கடிதத்திலேயே சொல்லி, அவ்வளவு நாள் இருக்க முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குங்கள். கெடுவை ஒரே ஊர் நேரத்தில் சொல்லுங்கள். இந்திய நேரம் ஞாயிறு இரவு 9 என்றால் சிங்கப்பூரில் 11.30, டொராண்டோவில் கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. அங்கே கடிகாரத்தை மாற்றுகிற வாரத்தில் எனக்கு ஒருவர் ஒரு மணி நேரம் தாமதமாக அனுப்பி, நான் ஏற்காமல், அவர் வருத்தப்பட்டார். இப்போதெல்லாம் அந்த வாரத்தில் முன்கூட்டியே நினைவூட்டல் அனுப்புகிறேன்.

இன்னொன்று, கெடுவுக்கு முன்பே ஏழு ஆர்டரும் வந்துவிட்டாலும் தீர்ப்பு சொல்லாதீர்கள். கடைசி நிமிஷம் வரை மாற்ற உரிமை உண்டு, கடைசியாக வந்ததுதான் செல்லும்.

வரைபடப் பிரியன்:

கருங்கடல் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. படை நிற்கட்டும் என்று விட்டால் நியாயம்தான், ஆனால் துருக்கி இரண்டு பருவம் நின்றால் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சும்மா கொழுத்துவிடும், மேற்கே ஒழுங்காக ஆடிய இங்கிலாந்துக்கு அது அநியாயம். ஆரம்பத்திலேயே மாற்று ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்து வையுங்கள். முதல் முறை ஆர்டர் தவறினால் நிற்கட்டும், இரண்டாம் முறை தவறினால் அந்த நாடு மாற்று ஆளுக்கு. வெளியூர் போகிறவர்கள் பொதுவான ஒரு ஆர்டரை முன்னாலேயே கொடுத்து வைக்கலாம், மாற்றாவிட்டால் அதுவே ஓடும்.

அப்புறம் ஆர்டர் எழுதும் முறை. என் அனுபவத்தில் பாதிச் சண்டை சுருக்கெழுத்தால்தான் வந்தது. ‘நார்’ என்று எழுதினால் நார்வேயா, வடகடலா, நார்வீஜியன் கடலா, வட ஆப்பிரிக்காவா? ‘லிவ்’ என்றால் லிவர்பூலா லிவோனியாவா? முழுப் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஸ்பெயின், பல்கேரியா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மூன்றுக்கும் இரண்டிரண்டு கரை, கப்பல்படை அங்கே போகும்போது எந்தக் கரை என்று எழுதாவிட்டால் தலைவலிதான். ஆர்டர் வந்ததும் ‘கிடைத்தது’ என்று மட்டும் பதில் போடாமல், நீங்கள் புரிந்துகொண்டதை வரி வரியாக எழுதி அனுப்புங்கள்.

பெல்ஜியத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. வடகடலிலிருந்து இங்கிலாந்து பெல்ஜியத்தைத் தாக்குகிறது, ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் கப்பல் சப்போர்ட். பிரான்ஸ் நடு அட்லாண்டிக்கிலிருந்து கால்வாயைத் தாக்கினால் சப்போர்ட் அறுந்துவிடும், அதாவது செல்லாமல் போகும், தாக்குதல் தோற்றாலும் அறுந்ததுதான். ஆனால் பெல்ஜியத்தில் இருக்கிற பிரெஞ்சுக் கப்பலே கால்வாயைத் தாக்கினால், அந்தக் கப்பலை விரட்டுவதற்குத்தானே சப்போர்ட், அப்போது அறுக்காது, கால்வாயில் இருப்பதைத் துரத்தினால் தவிர. இந்த ஒரு விதியில் பழைய ஆட்கள்கூட தடுமாறுவார்கள், அதற்காக வருத்தப்பட வேண்டாம். டிப்ளமசி ஆடுகிற பேக்ஸ்டாபர் இணையதளத்தில் தனியாகப் பலகை போட்டுப் பார்க்கிற வசதி இருக்கிறது, ஏழு பேர் ஆர்டரையும் அதில் கொடுத்துச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். முடிவு வெளியான 24 மணி நேரத்துக்குள் யாராவது பிழை காட்டினால் திருத்தம், அதற்கு மேல் பிழையோடே ஆட்டம் தொடரும் என்று எழுதி வையுங்கள்.

தபால்காரன்:

சந்தேகம் பற்றிக் கேட்டீர்கள். ரஷ்யா ஆர்டரை மாற்றியது ஆஸ்திரியாவுக்கு எப்படித் தெரிந்தது? ரஷ்யாவே சொல்லியிருந்தால் சரி. உங்கள் வாயிலிருந்து வந்திருந்தால் அதுதான் பெரிய விரிசல். ‘இன்னும் இரண்டு பேர் அனுப்பவில்லை’ என்றுகூட நடத்துபவர் பொதுவில் சொல்லக் கூடாது, அனுப்பாதவருக்கு மட்டும் தனியாக நினைவூட்டுங்கள். பேச்சுவார்த்தைக் கடிதங்களின் நகலையும் வாங்காதீர்கள். இந்த ஆட்டத்தில் முதுகில் குத்துவது எல்லோருக்கும் அனுமதி, அதனாலேயே நடத்துகிற ஒருவரையாவது எல்லோரும் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆலன் கால்ஹாமர் 1954-இல் உருவாக்கி 1959-இல் வெளியிட்ட ஆட்டம் இது. 1963-இல் ஜான் போர்ட்மன் அமெரிக்காவில் தபால் வழியே நடத்தத் தொடங்கினார், முடிவுகளைத் தன் சிறுபத்திரிகையில் அச்சடித்து அனுப்பினார். கெடுவுக்குள் கடிதம் வந்து சேராவிட்டால் அவ்வளவுதான், அச்சுக்குப் போன பிறகு யாருக்காகவும் மாற்ற முடியாது. 80-களின் இறுதியில் கென் லோ எழுதிய ‘ஜட்ஜ்’ நிரல் மின்னஞ்சலில் ஆர்டரை வாங்கித் தானே தீர்த்து எல்லோருக்கும் அனுப்பியது, அதற்கும் முகதாட்சண்யம் கிடையாது. கால்ஹாமர் பின்னாளில் தபால்காரராகவே வேலை பார்த்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும், என் பெயரும் அதனால்தான்.

எட்டாவது ஆள்:

மூன்று பேருக்கும் நன்றி. ஆமாம், ரஷ்யா விஷயம் என் வழியாகத்தான் போனது. ஆஸ்திரியா தொலைபேசியில் கேட்டபோது ‘மறுபடி ஒரு ஆர்டர் வந்தது’ என்று வாய்விட்டுவிட்டேன், அவர் மீதியை ஊகித்துவிட்டார். அதை இன்று ஏழு பேருக்கும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பெல்ஜியமும் நீங்கள் சொன்ன அதே கதைதான், பிரான்ஸுக்கு அந்த விதியை இதே உதாரணத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிறு இரவு 9, இந்திய நேரம், முழுப் பெயர், 24 மணி நேரத் திருத்தம், எல்லாம் முதல் கடிதத்தில் போய்விட்டது. மாற்று ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார், இன்னொருவரைத் தேடுகிறேன். துருக்கி ஆடியவர் அந்த வாரம் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் அலைந்ததால் அனுப்ப முடியவில்லையாம், மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார். நாடுகளுக்குச் சீட்டுக் குலுக்கியதில் இந்த முறை அவருக்கு ஜெர்மனி வந்திருக்கிறது.