வழக்குப் பிரசன்னத்தில் ஆறாம் பாவத்தில் நிற்கும் லக்னாதிபதி: விளக்கம் தேவை

குழுவிலுள்ள பெரியவர்களுக்கு வணக்கம். என் உறவினர் ஒருவரின் நிலத்தகராறு வழக்கில் இருதரப்பு வாதங்களும் முடிந்து, தீர்ப்புத் தேதிக்காகக் காத்திருக்கிறோம். வழக்கு என்னவாகும் என்று அவர் கேட்ட நேரத்துக்குப் போட்ட பிரசன்ன ஜாதகத்தில் லக்னம் மேஷம். லக்ன ராசிக்கு உரிய கிரகமான லக்னாதிபதி செவ்வாய் ஆறாம் இடமான கன்னியில் நிற்க, பத்துக்கும் பதினொன்றுக்கும் உரிய சனி பன்னிரண்டில் வக்கிரமாக (பின்னோக்கிய கதியில்) இருந்து செவ்வாயைப் பார்க்கிறார். எதிராளியைக் குறிக்கும் ஏழாம் அதிபதி சுக்கிரனோ, ஆறாம் அதிபதி புதனுடன் நான்காம் கேந்திரத்தில் இருக்கிறார்.

ஆறில் செவ்வாய் எதிரியை வெல்வார் என்பது பொதுவிதி; ஆனால் லக்னாதிபதியே ஆறில் மறைந்தால் கேட்டவர் எதிராளியின் பிடிக்குள் போகிறார் என்றும் சொல்கிறார்கள். செவ்வாய் தம் எட்டாம் பார்வையால் லக்னத்தையே பார்ப்பதால் முதல் கருத்தின் பக்கம் சாய்கிறேன், எனினும் நான்காமிடம் எதிராளியின் ஏழுக்குப் பத்தாமிடம், அதாவது அவருக்கு வலுவான இடம் என்பது உறுத்துகிறது. சனியின் வக்கிரத்தைத் தாமதம் என்று மட்டும் கொள்ளலாமா, மேல்முறையீடு வரை நீளும் என்று கொள்ளலாமா? கே.பி. (கிருஷ்ணமூர்த்தி பத்ததி) முறையில் ஆறாம் பாவ முனையின் (பாவம் தொடங்கும் புள்ளியின்) உபநட்சத்திராதிபதி, அதாவது நட்சத்திரத்தின் உட்பிரிவுக்கு உரிய கிரகம், பதினொன்றாம் பாவத்தைக் காட்டினால் வெற்றி என்பார்கள். அதை இதனுடன் சேர்த்துப் பார்ப்பது முறைதானா?

ஆவணமும் சாட்சியமுமே தீர்ப்பை முடிவு செய்யும் என்பதால் அந்தப் பொறுப்பு வழக்கறிஞரிடமே இருக்கிறது; என் ஐயம் விதியைப் பற்றியது மட்டுமே. தீர்ப்புக்கு முன்பே பலன் எழுதிவைத்த ஜாதகங்கள், தவறிப்போனவை உட்பட, யாரிடமாவது இருந்தால் பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருமாறு வேண்டுகிறேன்.