பேசி வைத்த ஆள் வராமல், அவருக்குப் பதிலாகப் போன அனுபவம் உண்டா?

பள்ளத்தூர்க்காரன்:
மூன்று வருஷமாச்சு, மறக்க முடியவில்லை. கானாடுகாத்தானில் அறுபதாம் கல்யாணம். பேசியிருந்த சமையல்காரருக்கு முதல் நாள் ராத்திரி காய்ச்சல், பத்து மணிக்கு எனக்குப் போன். விடிகாலை மூன்றுக்கெல்லாம் அடுப்புப் பற்றவைத்துவிட்டேன். மாவு அவருடைய ஆட்கள் ஆட்டி வைத்தது. முதல் வெள்ளைப் பணியாரத்தை எடுத்ததும் வீட்டு ஆச்சி வந்து ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள். வாயில் போடவில்லை. "அவர் சுட்டா ஓரம் பூ மாதிரி விரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பந்தியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, அது வேறு விஷயம். சாயங்காலம் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த கவரில் அவர் பேரை எழுதி அடித்திருந்தது. பக்கத்தில் என் பேர் இல்லை, 'சமையல்' என்று மட்டும். அந்தக் கவர் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

தேவகோட்டை ஆச்சி:
பணம் சரியாக இருந்ததல்லவா தம்பி, கவரில் என்ன இருக்கிறது? என்னைக்கூட, பெரியம்மா மகளுக்கு ஜாதகம் சேரவில்லை என்றுதான் பார்க்க வந்தார்கள். நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அதை விடு. ஓரம் விரியவில்லை என்றால் அளவில்தான் கோளாறு. உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஊறவைத்து வெண்ணெய் மாதிரி ஆட்டணும். உப்பு, துளி சர்க்கரை, கொஞ்சம் பால். ஆட்டியதும் சுட்டுவிடணும், புளித்தால் எண்ணெய் குடிக்கும். ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, எழும்பி வந்ததும் திருப்பு. சிவக்க விடாதே.

புதுவயல்:
ஆச்சி, அவர் செய்முறையா கேட்டார்? மாவு வேறு ஆள் ஆட்டியது என்று எழுதியிருக்கிறாரே. பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?
நான் சுவீகாரம், அதாவது தத்து, வந்தவன். நம் நகரத்தாரில் ஒரே கோயில் பிரிவுக்குள்தானே பிள்ளை எடுக்க முடியும், தேடினால் நாலு வீடுதான். முதலில் கேட்டது அண்ணனை. அவன் மாட்டேன் என்றதும் என்னிடம் வந்தார்கள். அப்போது எனக்கு 19 வயது. சுவீகாரச் சடங்கில் குடிக்கிற மஞ்சள் நீரை வாயருகே கொண்டுபோகும்போது, பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "ஏன், பெரியவன் வரலையா?" கிண்ணத்தைப் பிடித்திருந்த புது அப்பச்சியின் (அப்பாவின்) கை அப்படியே நின்றுவிட்டது. நானே இழுத்துக் குடித்தேன்.

பள்ளத்தூர்க்காரன்:
ஆச்சி, உளுந்து குறைவு என்று முதல் கரண்டி ஊற்றும்போதே தெரிந்தது. யாரிடம் சொல்ல? போன வாரம் அதே வீட்டிலிருந்து போன். அவர் ஊரில் இல்லையாம். மாவை நான்தான் ஆட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.