பொருள்: ‘ஷெல்டரிங்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தென்கரையாள் – புதன், காலை 7.10

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். கையில் ஒரு படிவம். அணுமின் நிலையத்துக்கு வெளியே, ஊர்களில் நடக்கும் அவசரநிலை ஒத்திகையைப் பார்வையிட வருகிறவர்கள் நிரப்ப வேண்டியது. தலைப்பு ‘ஆயத்தநிலை மீளாய்வு’. ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து நிரப்புவார்கள் என்பதால் தமிழில் கேட்டிருக்கிறார்கள். சைரன் எத்தனை மணிக்கு ஒலித்தது, காற்றுத் திசைப்படி எந்தெந்த ஊருக்குச் செய்தி போனது, அயோடின் மாத்திரை யார் பொறுப்பில் இருந்தது, எல்லாம் ஓடிவிட்டது. 14ஆம் கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. ‘பொதுமக்கள் ______ செய்தார்களா? எத்தனை நிமிடத்தில்?’ கோடு போட்ட இடத்தில் ஆங்கில மூலத்தில் இருப்பது ‘ஷெல்டரிங்’: உலையிலிருந்து கதிரியக்கம் வெளியேறினால் ஓடாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து இருப்பது.

கூடவே அனுப்பிய பழைய சொற்பட்டியலில் ‘தஞ்சமடைதல்’ என்று இருக்கிறது. ‘பொதுமக்கள் தஞ்சமடைந்தார்களா?’ என்று கேட்டால், ‘யார்கிட்ட?’ என்பார்கள் எங்க ஊரில்.

என் கைச்சரக்கு: வீடடங்கு. 2020 மார்ச்சிலிருந்து ஊரடங்கு எல்லார் வாயிலும் இருக்கிறது. இது அதன் தங்கை. வெள்ளி மாலை 5 மணிக்கு அனுப்ப வேண்டும்.

ஏட்டுச்சுவடி – புதன், காலை 8.02

அம்மா, தங்கை என்கிறீர்கள், சாடை ஒத்துவரவில்லை. ஊர் அடங்குகிறது என்பதில் ஊரே எழுவாய். அதே அச்சில் வார்த்தால் வீடு அடங்குகிறது என்றாகும். நீங்கள் சொல்ல வருவது வீட்டின்கண் அடங்குதல். அப்போது ஒற்று இரட்டி ‘வீட்டடங்கல்’. தொழிற்பெயரை இன்னும் திருத்தமாக்கினால் ‘வீட்டடக்கம்’. அடக்கமானவர்கள் படிவம் நிரப்புவதில்லை.

‘வீடடைவு’ என்று யாரும் வந்துவிட வேண்டாம். அது நாற்பொருளில் நான்காவது.

நேரோட்டம் – புதன், காலை 8.15

ஷெல்டர்னே வைங்களேன். புயல் ஷெல்டர் இல்லாத கடற்கரை ஊர் உண்டா? குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கதிரளவி – புதன், காலை 9.40

நேரோட்டம் தம்பி, தெரிந்திருப்பதுதான் ஆபத்து. கல்பாக்கத்தில் கதிர்ப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஷெல்டர் என்றால் கடற்கரைக்காரர் மனதில் வருவது ஒரு கட்டடம். ‘ஷெல்டர் பண்ணுங்க’ என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கி, திறந்த வெளியில் அரை கிலோமீட்டர் நடந்து அந்தக் கட்டடத்துக்குப் போவார்கள். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

உலையிலிருந்து ஏதேனும் வெளியேறினால் புகைபோலக் காற்றோடு நகரும். அது தலைக்கு மேலே கடக்கும் நேரத்தில் மூச்சோடு உள்ளே போவதைக் குறைக்க வேண்டும். உடம்புக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர் இருக்க வேண்டும். இருக்கிற வீட்டுக்குள் போ, கதவு ஜன்னலைச் சாத்து, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்து, தண்ணீர்க் குடத்தை மூடு, ரேடியோவையோ டிவியையோ கேட்டுக்கொண்டிரு. இவ்வளவுதான். காங்கிரீட் வீடு நன்று, ஓட்டு வீடு சுமார், ஓலைக் குடிசை உதவாது. குடிசைக்காரரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ரொம்ப நாளைக்கும் இல்லை. சர்வதேச அணுசக்தி முகமையின் பழைய வரையறைப்படி, 2 நாளுக்கு மேற்படாத அடைப்பால் 10 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சுக்கான அளவு) தவிர்க்க முடியும் என்றால் இதைச் செய்யலாம். ஒரு வாரத்துக்குள் 50 மில்லிசீவர்ட் தவிர்க்கலாம் என்றால் ஊரையே வெளியேற்றலாம்.

ஆகவே சொல்லில் ‘இருத்தல்’ மட்டும் இருந்தால் பாதிதான். ‘அடைத்தல்’ வர வேண்டும்.

பனங்கருப்பட்டி – புதன், பகல் 12.30

மழைக்கு ஒதுங்குகிறோம், வெயிலுக்கு ஒதுங்குகிறோம். ‘ஒதுங்கல்’ இருக்க வேறெதற்கு அலைகிறீர்கள்?

நேரோட்டம் – புதன், பகல் 12.34

ஒலிபெருக்கியில் ‘எல்லாரும் ஒதுங்குங்கள்’ என்று சொன்னால் எங்க ஊரில் பாதிப் பேர் சொம்போடு கருவேலங்காட்டுப் பக்கம் போவாங்க அண்ணாச்சி.

பனங்கருப்பட்டி – புதன், பகல் 12.51

சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘பதுங்கல்’?

வன்னிமகன் – புதன், மாலை 6.20

தயவுசெய்து வேண்டாம். எங்கட ஆக்களுக்குப் ‘பதுங்கு’ எண்டால் அடுத்த சொல் ‘குழி’. வீட்டை விட்டு ஓடிப்போய் நிலத்துக்குக் கீழ இறங்கிறது. என்ர அம்மா இண்டைக்கும் வெடிச்சத்தம் கேட்டால் முதல்ல முற்றத்தைத்தான் பார்ப்பா. வீட்டுக்குள்ள இருக்கிறதுதான் எங்களுக்கு அப்ப ஆபத்து.

‘உள்ளிருப்பு’ எண்டு வைத்தால் என்ன? சின்னச் சொல்.

தென்கரையாள் – புதன், மாலை 6.45

அதைத்தான் நானும் முதலில் எழுதி அடித்தேன் அண்ணை. கூடங்குளம் சுற்றுவட்டாரத்தில் ‘உள்ளிருப்பு’ என்று தனியாக நிற்காது. ‘போராட்டம்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘பொதுமக்கள் உள்ளிருப்பு செய்தார்களா? எத்தனை நிமிடத்தில்?’ என்று ஒரு அரசுப் படிவம், உலைக்கு எதிராகப் போராடிய இடிந்தகரையில் கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

‘வெளியேற்றம்’ என்பதிலும் இதே முள். மூலத்தில் ஓர் ஊரைத் தற்காலிகமாகப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதைச் சொல்கிறார்கள். தமிழில் படித்தால் புறம்போக்கிலிருந்து குடிசையைக் காலி பண்ணச் சொல்வதுபோல் இருக்கிறது. அதை ‘பாதுகாப்பாக அழைத்துச் செல்லல்’ என்று நீட்டி முடித்துவிட்டேன். யாரும் கிளற வேண்டாம்.

கதவடைப்பு எப்படி?

கொற்கை – புதன், இரவு 8.10

35 ஆண்டு ஆலைத் தொழிலாளி. கதவடைப்பு என்றால் முதலாளி கேட்டைப் பூட்டிவிட்டுச் சம்பளத்தை நிறுத்துவது.

ஏட்டுச்சுவடி – வியாழன், விடியல் 4.50

உறக்கம் கலைந்தது. நல்லதாயிற்று.

கதிரளவி ஐயா ‘அடைத்தல் வர வேண்டும்’ என்றார். ‘அடை’ என்னும் வேரை எண்ணிப் பாருங்கள். அடைத்தால் அடைப்பு. அடைந்தால் அடைவு. அடைந்தவரைக் காப்பது அடைக்கலம். மதுரைப் புறஞ்சேரியில் மாதரியின் கையில் கண்ணகியை ஒப்படைத்த காதைக்கே அதுதான் பெயர். மாலையில் பறவைகள் கூட்டை அடைகின்றன, ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம், விடாமல் பெய்தால் அடைமழை. எல்லாவற்றிலும் ஓர் எல்லைக்குள் சேர்தலும் செறிதலும் உண்டு. இவற்றுள் தலையாயது அடைகாத்தல். தாய்ப்பறவை அசையாது, அகலாது, சிறகால் மூடி, உயிர் நிலைக்கும்வரை இருக்கிறதே, இதைவிட இக்கருத்தை உருவகிக்க வேறு ஏது? அடைத்தலும் காத்தலும் ஒரே சொல்லில். ஆகவே: அடைகாப்பு.

இக்கருத்து நமக்குப் புதிதும் அன்று. நெடுநல்வாடையில், வேனிலில் தென்றலை உள்ளே விட்ட சாளரங்களை வாடைக்கு அஞ்சி ‘போர்வாய்க் கதவம் தாழொடு துறப்ப’, அதாவது தாழிட்டு அடைத்து, விட்டிருக்கிறார்கள். காற்று தீங்கு கொண்டு வருகிறது, கதவைத் தாழிடு. மில்லிசீவர்ட் ஒன்றுதான் இல்லை.

நேரோட்டம் – வியாழன், காலை 7.05

ஐயா, பாட்டு அருமை. ஆனா ‘அடைகாப்பு’ன்னு படிவத்தில் போட்டா கால்நடைத் துறைக்குப் போயிடும்.

தொலைகிழக்கு – வியாழன், காலை 7.30

ஜப்பானில் இருப்பதால் ஒரு செய்தி. இங்கே இதற்கு ‘ஒகுனாய் தைஹி’ என்கிறார்கள். ‘ஒகுனாய்’ என்றால் வீட்டின் உட்புறம். ‘தைஹி’ என்றால் விலகித் தப்புதல். நம்மைப்போலவே இரண்டு துண்டை ஒட்டியதுதான்.

சொல் சரியாக இருந்தும் நடந்ததைப் பாருங்கள். 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை. ஃபுகுஷிமா உலையைச் சுற்றி வெளியேற்ற எல்லை 3, பிறகு 10, பிறகு 20 கி.மீ. என்று விரிந்தது. 15ஆம் தேதி 20 முதல் 30 கி.மீ. வரை உள்ளவர்களைக் கதவை அடைத்து உள்ளே இருக்கச் சொன்னார்கள். எப்போது வெளியே வரலாம் என்று சொல்லவில்லை. லாரிகள் அந்தப் பக்கம் வர மறுத்தன, கடைகள் காலி, பெட்ரோல் இல்லை. 25ஆம் தேதி, ‘விருப்பமிருந்தால் கிளம்புங்கள்’ என்றார்கள். 2 நாள் மருந்தை 10 நாள் கொடுத்தார்கள். உங்கள் படிவத்தில் ‘முடிந்தது என்று எப்போது அறிவித்தார்கள்?’ என்ற கேள்வி இருக்கிறதா?

தென்கரையாள் – வியாழன், காலை 7.52

41 கேள்வியையும் திரும்பப் புரட்டிவிட்டேன். சைரன் தொடங்கிய நேரம் இருக்கிறது. அடைத்த கதவைத் திறக்கச் சொன்ன நேரம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று அடியில் எழுதி அனுப்புகிறேன். எடுத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் பாடு.

கதிரளவி – வியாழன், காலை 10.15

சைரன் என்றதும் நினைவு வருகிறது. 2004 டிசம்பர் 26. கல்பாக்கத்தில் கடல் உள்ளே வந்து நிலையத்தின் கடல்நீர் பம்புகள் மூழ்கின. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கம் ஒன்றும் வெளியே வரவில்லை. சாவு விழுந்தது குடியிருப்பில். அன்று ‘கதவைச் சாத்தி உள்ளே இருங்கள்’ என்று யாராவது அறிவித்திருந்தால் கொலை. அதற்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஊதினால் ஓடு, மேட்டுக்கு ஓடு என்று பழக்கினோம். இப்போது அதே ஜனங்களிடம் இன்னொரு சைரனுக்கு ஓடாதே, உள்ளே போ என்கிறோம். இந்தியாவில் வெளிப்புற ஒத்திகை 2 ஆண்டுக்கு ஒருமுறை; 16 கி.மீ. வட்டம், நடத்துவது மாவட்ட ஆட்சியர். 2 ஆண்டுக்கு ஒருநாள் காதில் விழும் சொல் இது. யோசித்துப் புரிந்துகொள்ள நேரம் இருக்காது.

அதனால் என் ஓட்டு, ‘கதவு’ என்ற சொல் உள்ளே இருக்கும் எதற்கும்.

பனங்கருப்பட்டி – வியாழன், பகல் 1.00

கதவை அடைப்பதா, சாத்துவதா, மூடுவதா? நாகர்கோவில் பக்கம் அடைப்போம். தஞ்சாவூர் சம்பந்தி சாத்துவார். சென்னை மருமகள் மூடுவாள். காற்று மூன்றிலும் நிற்கும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. ‘மீளாய்வு’ ஏன்? ‘சீராய்வு’ கூடாதா?

கொற்கை – வியாழன், பகல் 1.20

சீராய்வு மனு வக்கீலுக்கு. திறனாய்வு கவிஞருக்கு. மீளாய்வை விடுங்கள், பிழைத்துப் போகட்டும்.

தென்கரையாள் – வியாழன், இரவு 9.05

இன்று சாயங்காலம் எதிர்வீட்டு ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். எழுபது தாண்டியவர், பீடி சுற்றுகிறவர், காதும் வாயும் கூர்மை.

‘வீட்டடங்கல்’: “யாருக்கு என்ன ஆச்சு?”

‘அடைகாப்பு’: “எந்தக் கோழி?” (ஏட்டுச்சுவடி ஐயா மன்னிக்க வேண்டும், கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை.)

‘கதவடைத்து உள்ளிருத்தல்’: கொஞ்ச நேரம் பீடி இலையை நறுக்கிக்கொண்டிருந்தார். “கதவ அடச்சிட்டு உள்ள இருக்கணும். அதான?” என்றார். ஆமாம் என்றேன். “செரி, ஆட்ட என்ன செய்ய? அதுவும் உள்ள வரணுமா, வெளிய கெடக்கணுமா?”

பதில் தெரியவில்லை. கதிரளவி ஐயா?

கதிரளவி – வியாழன், இரவு 9.40

முடிந்தால் கொட்டிலில் அடைத்து, மூடி வைத்திருந்த தீவனமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். மேய்ந்த புல் வழியாகப் பாலுக்குக் கதிரியக்க அயோடின் வரும். ஆனால் ஆட்டைப் பிடிக்க ஆச்சி வெளியே ஓடக் கூடாது. ஆள் முதலில். ஒத்திகையில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மட்டுறுத்துநர் – வெள்ளி, காலை 11.00

இழை நீண்டுவிட்டது. என் பதவிக்குப் பெயர் வைக்கவே இந்தக் குழுவுக்கு முன்பு நெடுநாள் ஆயிற்று என்பதை நினைவூட்டுகிறேன். இதுவரை கண்ட ஓட்டு: கதவடைத்து உள்ளிருத்தல் 5, வீட்டடங்கல் 1, அடைகாப்பு 1, ‘எதையாவது வைங்க, மதியச் சாப்பாட்டுக்குப் போகணும்’ 2.

தென்கரையாள் – வெள்ளி, மாலை 4.48

அனுப்பிவிட்டேன். படிவத்தில்: ‘பொதுமக்கள் கதவடைத்து உள்ளிருந்தார்களா? எத்தனை நிமிடத்தில்?’ ஒலிபெருக்கி வாசகத்தில் சொல்லே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்: ‘அவரவர் வீட்டுக்குள்ள போங்க. கதவையும் ஜன்னலையும் அடைங்க. நாங்க சொல்ற வரைக்கும் வெளிய வராதீங்க.’ ஆட்டையும் அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

வன்னிமகன் – வெள்ளி, மாலை 5.30

நல்லது. ரெண்டு சொல் இருந்தாலும் விளங்குது. ஆனால் அட்டவணையில தலைப்பாப் போட இது நீளம். அதுக்கு ஒரு குறுஞ்சொல் பிறகு தேடுவம்.

ஏட்டுச்சுவடி – சனி, விடியல் 5.05

பெரும்பான்மையை ஏற்கிறேன். இலக்கணம் வாக்கெடுப்பில் நிற்பதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ‘கதவடைத்து உள்ளிருத்தல்’ தொடர், சொல் அன்று. நாளை இதற்குப் பெயரடை வேண்டும், முகவர் பெயர் வேண்டும், எதிர்ச்சொல் வேண்டும் என்று வருவார்கள். அப்போது ‘கதவடைத்து உள்ளிருத்தலாளர்’ என்பார்களோ? அடைகாப்பு, அடைகாப்பாளர், அடைகாப்பு நீக்கம்: அத்தனையும் ஒரே வேரில் துளிர்க்கின்றன.

கோழி என்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள்: அடைகாக்கும் கோழி வெளியே போகுமா?