எல்லையில் தேடியது ஆளையா, சரக்கையா?

கெடிலக்கரை:
கடலூர் டீக்கடையில் ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார்: "எல்லை என்று இருந்தால் உள்ளே வருகிறவனைப் பிடிக்கக் காவலும் இருக்கும், ஆதிகாலத்து வழக்கம் இது." எனக்கு ஒப்பவில்லை. இதில் ரொம்பக் கெடுபிடி என்கிற அமெரிக்காவிலேயே எல்லைக் காவல் படை உருவானது 1924 மே 28இல்தான்.

ஒதியஞ்சாலைக்காரன்:
படை இல்லாவிட்டால் காவலே இல்லையா, என்ன கணக்கு இது? சீனத் தொழிலாளர்கள் வரக்கூடாது என்று 1882இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 1904இல் மெக்சிகோ எல்லையோரத்து டெக்சாஸ் ஊரான எல் பாசோவிலிருந்து குதிரைக் காவலர்கள் ரோந்து போனார்கள்.

கெடிலக்கரை:
போனார்கள், எத்தனை பேர்? எழுபத்தைந்தைத் தாண்டியதில்லை. மெக்சிகோ எல்லையோ மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதிலும் தேடியது பெரும்பாலும் சீனர்களைத்தான். கூலி வேலைக்கு வந்த மெக்சிகோக்காரர் பாட்டுக்கு நடந்து போனார். 1924இல் சேர்ந்தவர்களுக்கு அரசு கொடுத்தது பேட்ஜும் ரிவால்வரும். குதிரையையும் சேணத்தையும் அவர்களே கொண்டுவர வேண்டும், தீவனம் மட்டும் சர்க்கார் செலவு. அப்போது அங்கே மதுவிலக்கு வேறு. ஆளைப் பிடிக்கப் போனவர்கள் சாராயத்தையும் துரத்தினார்கள். கடலூர்-புதுச்சேரி எல்லையில் மது பாட்டில் தேடுகிற நம் ஆல்பேட்டை செக்போஸ்ட் ஞாபகம் வருகிறதா?

பாகூர்வாசி:
அண்ணே, அவ்வளவு தூரம் ஏன் போகணும்? இங்கே பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியைச் சுற்றியே எல்லை இருந்ததே. 1941இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்கம் ஒன்று என்று ஒப்பந்தம். 1949இல் இந்தியா அதை முடித்துக்கொண்டது, சுற்றிலும் சுங்கக் காவல் வந்தது. நம் கொம்யூன்கள், அதாவது பிரெஞ்சு ஆட்சியின் நிர்வாகப் பிரிவுகள்தான் ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆயிற்றே! பிரெஞ்சு ஊரைத் தாண்டினால் இந்திய வயல், அதைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சு ஊர். என் பாட்டிக்கு வீடு இந்தப் பக்கம், கழனி அந்தப் பக்கம். வைக்கோல் கட்டுக்குள் தங்கம் இருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்ப்பார்களாம். "நீ யார்" என்று ஒருநாளும் கேட்டதில்லையாம்.

ஒதியஞ்சாலைக்காரன்:
பாட்டி கதை நன்றாக இருக்கிறது, தம்பி. ஆனால் பாரதியாரை மறந்துவிட்டீர்களே! 1908இல் இங்கே வந்தவர் பத்து வருஷம் எல்லையைத் தாண்ட முடியவில்லை. பிரிட்டிஷ் ஒற்றர்கள் புதுச்சேரித் தெருக்களிலேயே திரிந்தார்கள். 1918 நவம்பரில் வெளியே வந்தார், கடலூர் பக்கத்திலேயே கைது. மூன்று வாரத்துக்கு மேல் கடலூர் ஜெயில். எல்லையில் ஆளைத் தேடவில்லை என்று கெடிலக்கரையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறீர்களே!

கெடிலக்கரை:
சரி, அடி விழுந்தது. ஆனால் அவர் பெயர் தெரிந்து தேடப்பட்டவர், அது அரசியல் வேட்டை. நான் சொல்வது வேறு: முன்பின் தெரியாத ஒருவனை நிறுத்தி "காகிதம் எங்கே" என்று கேட்பது. அது பிந்தி வந்த பழக்கம்.

ஒதியஞ்சாலைக்காரன்:
எவ்வளவு பிந்தி? 1914இல் போர் மூண்டதுமே இந்தியாவுக்குள் வருகிறவர்களைத் தடுத்துவைக்க அவசரச் சட்டம் வந்துவிட்டது. 1920இல் பாஸ்போர்ட் சட்டம். உங்கள் அமெரிக்கப் படைக்கு முந்தியது இது.

கெடிலக்கரை:
1914தானே? அதை ஆதிகாலம் என்றா சொல்வீர்கள்? அமெரிக்காவில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம் என்று ஆனது 1929இல்.

ஒதியஞ்சாலைக்காரன்:
ஆதிகாலம் என்றது உங்கள் டீக்கடைப் பெரியவர், நான் இல்லை. பாரதியாரை அரசியல் வேட்டை என்று தனியாக ஒதுக்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சீனரைத் தேடியது மட்டும் அரசியல் இல்லையா? எங்கேயும் முதலில் வேண்டாத ஆளைத்தான் தேடுகிறார்கள், காகிதம் கேட்பது அப்புறம்.

பாகூர்வாசி:
அண்ணன்மார்களே, போன வாரம் கடலூர் பஸ்ஸில் போனேன். ஆல்பேட்டையில் ஏறியவர் என் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பையை மட்டும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். உள்ளே இருந்தது மாமாவுக்கு வாங்கிய ரொட்டி!