வெள்ளத்துக்குச் சேர்த்த காசு மிஞ்சிக் கிடக்கு: பிள்ளைகளின்ர படிப்புக்கா, ஆஸ்பத்திரிக்கா, அடுத்த வெள்ளத்துக்கா?

செயலாளர்_வெள்ளவத்தை
எல்லாருக்கும் வணக்கம். விசயம் தெரியாத ஆக்களுக்காகச் சுருக்கமாச் சொல்றன். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சு நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்தது ஒருத்தருக்கும் மறந்திருக்காது. கொழும்புப் பக்கம் களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டி, சேதவத்தை, கொலன்னாவ எல்லாம் தண்ணிக்குள்ள கிடந்தது. எங்கட பழைய மாணவர் சங்கம் அப்ப காசு சேர்த்து, சமைச்ச சாப்பாடு, பாய் தலகாணி, காஸ் அடுப்பு, பள்ளிக்கூடப் பை எண்டு குடுத்தம். வெளிநாட்டுக் காசு பிந்தி வந்தபடியா பதினொரு இலட்சம் சொச்சம் இன்னும் வங்கியில கிடக்கு. வாற ஞாயிறு கூட்டம்.

என்ர பிரேரணை இது. அதே குடும்பங்களில ஓ.எல்., ஏ.எல். எண்ட பெரிய சோதினைகளுக்குப் படிக்கிற பிள்ளைகளைத் தெரிஞ்சு, மூண்டு வருசத்துக்கு டியூஷன் காசும் போக்குவரத்துக் காசும் குடுப்பம். அரிசியும் பருப்பும் குடுத்து ஒரு கிழமையில எல்லாம் முடிஞ்சுது. குழுவில சிலர் ஆஸ்பத்திரிக்கு மெஷின் வாங்கிக் குடுப்பம் எண்டினம். சிலர் காசை அப்பிடியே வைச்சிருப்பம் எண்டினம். உங்கட அபிப்பிராயத்தைச் சொல்லுங்கோ.

கணக்குக்கேட்பவன்
அண்ணை, நானும் அந்தக் கணக்குக்குக் காசு போட்டவன்தான். நீங்கள் வட்ஸ்அப்பில அனுப்பின போஸ்டரில 'வெள்ள நிவாரணம்' எண்டு கொட்டை எழுத்தில இருந்தது. டியூஷன் எண்ட சொல்லே அதில இல்லை. டியூஷனுக்கு எண்டு கேட்டிருந்தா நான் போட்டும் இருப்பன், போடாமலும் விட்டிருப்பன். அது என்ர முடிவு. அதைக் குழு கூடி எனக்குப் பதிலா எடுக்க ஏலாது.

2004 சுனாமிக்குப் பிறகு என்ன நடந்தது? காசு கனக்க வந்தது, எப்பிடியாவது செலவழிச்சுக் காட்ட வேணும். படகு குடுத்தால் போட்டோ வடிவா வரும். கடைசியில கடல் கொண்டுபோன சின்னப் படகுகளை விடக் கூட எண்ணிக்கையில புதுப்படகு வந்து கரையில நிண்டுது. அதில கொஞ்சம் கடலுக்குக் கொண்டுபோக லாயக்கே இல்லை. கையில இருக்கிற காசுக்குத் தேவையைத் தேடிக்கொண்டு திரிஞ்சால் இப்பிடித்தான் முடியும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிஞ்சு மேற்பார்வை செய்யவெண்டு 1980-லேயே 31ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தது சும்மா இல்லை. முதல்ல வரவு செலவைப் போடுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

பழைய_தொழிற்சங்கம்
தம்பிமார் ரெண்டு பேரும் அடிப்படையை விட்டுட்டுக் கதைக்கிறீங்க. இந்த நாட்டில 1945-ல இருந்து கல்வி இலவசம். 1980-ல இருந்து பாடப்புத்தகம் இலவசம், 1993-ல இருந்து சீருடைத் துணியும் இலவசம். ஆஸ்பத்திரியிலயும் காசு வாங்கிறதில்லை. இவ்வளவும் இருக்க, ஒரு ஏழைப் பிள்ளை பாஸ் பண்ணுறதுக்கு உங்க காசு ஏன் டியூஷன் மாஸ்டருக்குப் போகணும்? வகுப்பில படிப்பிக்க வேண்டியதைப் பின்னேரம் தகரக் கொட்டகையில படிப்பிக்கிற ஒரு வியாபாரத்துக்கு நீங்க ஆள் பிடிச்சுக் குடுக்கிறீங்க, அவ்வளவுதான்.

மீதொட்டமுல்லயை நினைச்சுப் பாருங்க. குப்பைமலைக்குக் கீழ வாழ்ந்த சனம் வருசக்கணக்கா ஊர்வலம் போனாங்க. மலை உயர்ந்துகொண்டே போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்றைக்கு அது சரிஞ்சு 30 பேருக்கு மேல புதைஞ்சாங்க. அதுக்குப் பிறகுதான் சோத்துப் பார்சல் வரிசை கட்டி வந்தது. சரியிறதுக்கு முதல் அந்தச் சனத்தோட வீதியில இறங்கி நிண்ட தர்ம ஸ்தாபனம் எத்தினை? கொலன்னாவ சதுப்பு நிலத்தை நிரப்பி நிரப்பிக் கட்டினா தண்ணி எங்க போகும்? அதைக் கேக்கிறதை விட்டுட்டு மெத்தை குடுக்கிறீங்க.

தொடர்மாடி_9ஆம்மாடி
ஐயா சொல்றது நியாயம்தான். ஆனா நீங்க சொல்ற அந்த நாள் வரும்வரைக்கும் பிள்ளைக்குச் சப்பாத்து யாரு வாங்கித் தர்றது?

நான் மட்டக்குளிப் பக்கம் தொடர்மாடில இருக்கேன். முன்பள்ளி டீச்சர். தோட்டத்துல முடுக்கு வீட்டுல பிறந்து வளர்ந்தவ. தோட்டம்னா தேயிலை இல்ல, கொழும்புல ஏழைங்க நெருக்கமா இருக்கிற குடியிருப்பு. இலவசக் கல்வினு சொல்றீங்களே, சீருடைத் துணி இலவசம், தைக்கிற கூலி யாரு குடுக்கிறது? எங்க பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள்ல பலதுல விஞ்ஞானப் பிரிவே இல்ல. கலைப்பிரிவோட நின்னுடும். ஏ.எல். கணிதம் படிக்கணும்னா பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைனு போகணும். சீசன் டிக்கெட் இருக்கேன்னு கேப்பீங்க. அது சி.டி.பி. பஸ்ஸுக்கு, அதான் அரசாங்க பஸ்ஸுக்கு மட்டும்தான். காலைல அந்த பஸ் நிறைஞ்சு போயிடும், இல்லாட்டி வராது. பிரைவேட் பஸ்ல சீசனைக் காட்டினா கண்டக்டர் சிரிப்பான்.

ஆனா செயலாளர் அண்ணா, உங்க பிரேரணையும் எனக்குச் சரியாப் படல. ஓ.எல்., ஏ.எல். வரைக்கும் வந்த பிள்ளை எப்படியோ தப்பிச்சு வந்த பிள்ளை. எங்க பக்கம் பாதிப் பிள்ளைங்க அதுக்கு முன்னாலயே நின்னுடுறாங்க. பொடியன்னா ஒன்பதாம் ஆண்டோட ஆட்டுப்பட்டித் தெருப் பக்கம் கடையில நிப்பான். நீங்க கெட்டிக்காரப் பிள்ளையாப் பாத்துத் தெரிஞ்சு, மேடையில ஏத்தி மாலை போட்டு, 'எங்க சங்கம் வளர்த்த பிள்ளை'னு சொல்லுவீங்க. நின்னுபோன பிள்ளையைத் தேடி யாரும் வர்றதில்ல.

செயலாளர்_வெள்ளவத்தை
தங்கச்சி, மாலை போடுற ஆள் நான் இல்லை. ஆனால் பதினொரு இலட்சத்தில எத்தினை பிள்ளைக்குச் செய்யலாம் எண்டு பாருங்கோ. எல்லாருக்கும் பிரிச்சால் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கொப்பிதான் வரும். தெரிவு செய்யத்தான் வேணும். ஒரு பிள்ளை கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போனால் பிறகு அந்த வீட்டை அது பாத்துக்கொள்ளும்.

ஐயாவுக்கு: ஊர்வலம் போறதுக்கு எங்கட சங்க யாப்பில, அதாவது சங்க விதிகளில, இடமில்லை. அதுக்கு வேற ஆக்கள் இருக்கினம்.

பழைய_தொழிற்சங்கம்
யாப்பில இடமில்லையாம். வாசிக்கவே நல்லா இருக்கு.

வார்ட்_தாதி
நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒண்டில வேலை செய்யிறன். எது எண்டு கேக்காதேங்கோ.

2022-ல நாங்கள் பாத்ததை வெளியில இருக்கிற ஆக்கள் மறந்திட்டினம். மார்ச் மாசம் பேராதனை ஆஸ்பத்திரியில மருந்து இல்லையெண்டு வழமையான சத்திரசிகிச்சைகளையே நிப்பாட்டினவை. டொக்டர் துண்டு எழுதிக் குடுப்பார், 'வெளியில வாங்கிக்கொண்டு வாங்கோ' எண்டு. வாசலில நிண்டு அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். மூண்டு மருந்து எழுதியிருந்தால் ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து, 'மிஸ், இது முக்கியமானதுதானே?' எண்டு கேப்பினம். இப்ப அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் துண்டு முற்றா நிக்கவும் இல்லை.

அதுக்காக மெஷின் வேண்டாம். தயவு செய்து வேண்டாம். மெஷின் கையளிக்கிற அண்டைக்கு ரிப்பன் வெட்டுவினம். அதுக்குப் போடுற திரவம், வடிகட்டி, சர்வீஸ் கொன்ராக்ட் எதையும் ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. ஒரு வருசத்தில சீலை போட்டு மூடி மூலையில நிக்கும். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 2011-ல தெற்கில தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கில பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்தவை. அது நிண்டு பிடிச்சதுக்குக் காரணம், கட்டினது தர்மக் காசு, டொக்டரும் தாதியும் மருந்தும் அரசாங்கத்தின்ர. அப்பிடி முன்கூட்டியே கதைச்சு ஒப்புக்கொள்ளாட்டி ஆஸ்பத்திரிப் பக்கமே வராதேங்கோ.

ஆனா ஒண்டு. தண்ணி வத்தி ஒரு கிழமை, பத்து நாளில எங்களுக்கு எலிக்காய்ச்சல் வரத் தொடங்கும். சேத்துக்குள்ள வெறுங்காலோட நிண்டு வீடு கழுவின ஆக்கள். தடுக்கிறதுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை இருக்கு, சுகாதார வைத்திய அதிகாரி ஒபீசில சும்மா குடுப்பினம். வீடு கழுவுற ஆளுக்கு அங்க போக நேரமில்லை. பூட்ஸ் இல்லை, கையுறை இல்லை. பிறகு சிறுநீரகம் பழுதாகி எங்களிட்ட வருவினம். ஒரு சோடி பூட்ஸுக்கும் ஐ.சி.யூ.வில ஒரு கிழமைக்கும் கணக்குப் பாருங்கோ. இதுவும் வெள்ள நிவாரணம்தான். போஸ்டருக்கும் துரோகமில்லை.

கொலன்னாவ_நானா
தாதி தங்கச்சி சொன்னதுக்கு மேல நான் ஒண்டு சொல்லணும். நான் கொலன்னாவயில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிறவன். 2016 மே வெள்ளத்திலயும் இந்தப் புயலிலயும் பள்ளிவாசல்ல சமைச்சு, சாதி மதம் பாக்காம தெப்பத்தில கொண்டுபோய்க் குடுத்த கோஷ்டியில நானும் ஒரு ஆள். சோத்துப் பார்சல் ஒருநாளும் குறைஞ்சதில்ல. சில ஒழுங்கையில ஒரே வீட்டுக்கு நாலு கோஷ்டி வந்து குடுத்தது, உள்ளுக்குள்ள இருந்த ஒழுங்கைக்கு ஒருத்தரும் போகல்ல.

எங்களுக்கு இது சுனாமி மாதிரி திடீர்னு வாறதில்ல. களனி ஆத்து உயரத்தை அளக்கிற நாகலகம் வீதி நீர்மானி 5 அடி வந்தா சிறு வெள்ளம், 7 அடி வந்தா பெரு வெள்ளம். நீர்ப்பாசனத் திணைக்களம் மணிக்கு மணி அறிவிக்கும். மேல கிளென்கோஸ், ஹங்வெல்லயில ஏறுற தண்ணி எங்க வாசலுக்கு வர நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் காசு. தண்ணி வரப்போகுதுனு எங்களுக்கு முன்னமே தெரியும். தெரிஞ்சும் ஏன் சனம் போறதில்ல? ரெண்டு காரணம். ஒண்டு, பூட்டிட்டுப் போனா களவு போகும். ரெண்டு, சாமானை ஏத்த வாகனம் இல்ல. அந்த ராத்திரி ஒரு சின்னப் பட்டா லொறிக்காரன் கேக்கிற கூலி பகல்ல கேக்கிறதில்ல, மூணு மடங்கு.

என் கண்ணால கண்டது. தையல் வேலை செய்ற ஒரு தாத்தா (எங்க பேச்சில அக்கா), பிரிஜ்ஜை மேசைக்கு மேல ஏத்தி, தண்ணி மேசைக்கு வந்ததும் இன்னொரு மேசையை மேல போட்டு, தையல் மெஷினைத் தன் மடியில வச்சுக்கிட்டுக் கட்டில்ல குந்தியிருந்தாங்க. எங்க தெப்பத்தில மெஷினுக்கு இடமில்லனு பொடியன்மார் சொன்னாங்க. மெஷின் இல்லாம வரமாட்டேன்னு நின்னாங்க. கடைசியில ஒருத்தன் இறங்கி நீந்தி வந்தான், அவன்ட இடத்தில மெஷின் வந்தது. அந்த மெஷின் போயிருந்தா மூணு பிள்ளைட படிப்பும் போயிருக்கும். நீங்க எத்தினை வருஷம் டியூஷன் காசு குடுத்தாலும் அதை ஈடு செய்ய ஏலாது.

அதால காசைச் செலவழிக்காதீங்க. வையுங்க. 5 அடி அறிவிப்பு வந்த உடனே குழுவைக் கூட்டாம, தீர்மானம் போடாம எடுக்கிற மாதிரி வையுங்க. நாலு லொறி, உயரத்தில ஒரு ஸ்டோர், ராக்காவலுக்குப் பத்துப் பொடியன்மார்.

கணக்குக்கேட்பவன்
நானா சொல்றதுதான் சரி. காசு குடுத்த ஆளின்ர நோக்கத்துக்கும் இது பொருந்தும். என்ர வாக்கு இதுக்கு.

தொடர்மாடி_9ஆம்மாடி
நானா, தையல் மெஷினை வாசிச்சதும் எனக்கு நெஞ்சு அடைச்சது. ஆனா காசை வைக்கிறதுனா எத்தனை வருஷத்துக்கு? 2022 நினைவிருக்கா? அந்த செப்டம்பர்ல கொழும்புச் சாப்பாட்டுச் சாமான் விலை ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு. அன்னைக்கு வங்கியில வச்சிருந்த காசு என்னாச்சுனு சொல்லுங்க. பிள்ளைக்கு ஒன்பது வயசு ஒரு தடவைதான்.

இன்னொன்னு இருக்கு, ஒருத்தரும் பேசல. கடதாசி. வெள்ளம் வத்தினதும் நான் சேதவத்தையில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனேன். கொடியில துணி காயல. பிறப்புச் சான்றிதழும் கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் கிளிப் போட்டுக் காயுது. சிலதுல எழுத்தே இல்ல. முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்கணும்னா காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்சார பில்லுனு கேப்பாங்க. ஆத்தங்கரையில இருக்கவங்ககிட்ட உறுதி எங்க இருக்கு? வீடு கழுவ அரசாங்கம் 25,000 தந்தப்போகூட, வீட்டுக்காரருக்கா வாடகைக்கு இருக்கவருக்கானு எங்க சொந்தக்காரங்க ஒழுங்கையில அடிதடி. கிராம சேவகர்கிட்ட யாருக்குப் பேசத் தெரியுமோ அவங்க பேருதான் லிஸ்ட்ல முன்னால. தமிழ்ல போய்க் கேட்டா சிங்களத்துல படிவம் தர்றாங்க.

உங்க சங்கத்துல வக்கீல் இருக்காங்க, பேங்க் மேனேஜர் இருக்காங்க, சிங்களம் தண்ணி மாதிரி எழுதுறவங்க இருக்காங்க. பத்துக் குடும்பத்தோட பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் வந்து நில்லுங்க. அதுக்குக் காசே வேணாம்.

பழைய_தொழிற்சங்கம்
மகள், நான் சொன்னதும் இதுதான். பேர்தான் வேற வேற. அதுக்கு நான் வாறன். அறுபது தாண்டினாலும் கவுண்டரில சத்தம் போட இன்னும் தொண்டை இருக்கு.

செயலாளர்_வெள்ளவத்தை
கனக்கக் கதைச்சாச்சு. ஞாயிறு நான் இதை இப்பிடித்தான் வைக்கப்போறன். ஆறு இலட்சம் நானா சொன்ன மாதிரிக் களனிக்கரைக்கு, 5 அடி அறிவிப்புக்கு எடுக்கிற காசா, ரெண்டு பேர் கையெழுத்தோட. பூட்ஸும் கையுறையும் அதுக்குள்ள. மிச்சம் படிப்புக்கு. ஆனால் ஏ.எல். கெட்டிக்காரருக்கு மட்டும் இல்லை, ஆறாம் ஆண்டில இருந்து. மெஷின் இல்லை. பிரதேச செயலக வேலைக்கு ஆர் ஆர் வாறியள் எண்டு இதில பேர் போடுங்கோ. வரவு செலவை நாளைக்கு ஏத்துறன்.

கணக்குக்கேட்பவன்
படிப்புக்கு எண்டு ஒரு சதம் எடுத்தாலும், காசு போட்ட ஒவ்வொருத்தருக்கும் மெசேஜ் போட்டுக் கேக்க வேணும், திருப்பிக் கேக்கிறவைக்குத் திருப்பிக் குடுக்க வேணும் எண்டு ஒரு திருத்தம் கொண்டு வருவன். அது விழுந்தால் எதிர்த்துத்தான் வாக்குப் போடுவன். செயலகத்துக்கு என்ர பேரையும் போடுங்கோ, செவ்வாய் எண்டால் லீவு எடுக்கலாம்.

கொலன்னாவ_நானா
ஆறு இலட்சம் காணாது. ஸ்டோர் வாடகை கேட்டுப் பாத்தீங்களா?