லங்காஸ்டர் பாணி லாங்ரைஃபிள்: கட்டை தடிமன், குழல் பின், சாயம் பற்றி மூன்று சந்தேகங்கள்

கொட்டாப்புளி (கேள்வி)

வணக்கம். 1780-களில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் செய்யப்பட்ட துப்பாக்கிகளை, குறிப்பாக ஜேக்கப் டிக்கர்ட் பட்டறை வேலையை, மாதிரியாக வைத்து ஒரு லாங்ரைஃபிள் (நீண்ட குழல் கொண்ட பழைய துப்பாக்கி வகை) செய்கிறேன். சுருள்ரேகை ஓடும் மேப்பிள் கட்டை. குழல் பள்ளமும் ராம்ராட் (குண்டைக் குழலுக்குள் தள்ளும் கோல்) துளையும் போட்டு வந்தது. குழல் 44 அங்குலம், எட்டுப்பட்டை, நடுவில் மெலிந்து வாயருகே மறுபடி விரிகிற வகை. லாக்கும் (சுடும் பொறி) பட் பிளேட்டும் (பின்கட்டை முனைத் தகடு) பதித்தாகிவிட்டது.

அளவு எதுவும் தப்பாகத் தெரியவில்லை, ஆனாலும் மொத்தத்தில் உத்தரக்கட்டை போல இருக்கிறது. எங்கே எவ்வளவு மரம் எடுக்க வேண்டும்? அடுத்தது, குழலைக் கட்டையோடு பிணைக்கும் பின்களுக்கு (குறுக்கே செருகும் சிறு கம்பிகளுக்கு) நேராகத் துளை போட்டால் போதுமா, குழலடிக் காதில் (குழலின் அடியில் பொருத்திய சிறு உலோகத் துண்டில்) துளையை நீளவாக்கில் அராவ வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு? கடைசியாக, மிச்சத் துண்டில் இரும்பு நைட்ரேட் சாயம் பூசிப் பார்த்தேன், அழுக்குப் பச்சையாக நிற்கிறது. பழைய துப்பாக்கிகளின் செம்பழுப்பு வரவில்லை. என்ன குறை?

இழைப்புளி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அதைச் சரிசெய்யாமல் மற்ற இரண்டுக்கும் போக வேண்டாம். நகல் துப்பாக்கி நகல் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மரம் மிச்சமிருப்பதுதான். செதுக்கு வேலையும் பித்தளையும் எத்தனை அழகாக இருந்தாலும் தடித்த கட்டையைக் காப்பாற்றாது.

பக்கவாட்டுக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். லங்காஸ்டர் பின்கட்டை நேர்கோடுகளால் ஆனது. கன்னம் பதியும் மேல்விளிம்பு நேர், பட் பிளேட்டின் கீழ்முனையிலிருந்து ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்) நோக்கி வரும் அடிவிளிம்பும் நேர். இரண்டும் சேர்ந்து நீண்ட முக்கோணமாகத் தெரிய வேண்டும். அதே பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்குத் துப்பாக்கிகளில் மேல்விளிம்பு வில்லாக வளைந்து இறங்கும். அந்த வளைவு துளி கலந்தாலும் உங்களுடையது லங்காஸ்டராக இருக்காது. அரத்தால் உருட்டும்போது கைபோக்கில் இந்த நேர்கோடு குழிந்துபோகும். எஃகு ஸ்கேலை நிறுத்தி வைத்து அடிக்கடி வெளிச்சம் பாருங்கள்.

அளவு வேண்டுமென்றால் அருங்காட்சியகப் புகைப்படத்தில் நேர்பக்கவாட்டில் எடுத்த ஒன்றைத் தேர்ந்து, அந்தத் துப்பாக்கிக்குப் பதிவாகியிருக்கும் குழல் நீளத்தை அளவுகோலாக வைத்துக் கணக்கிடுங்கள். கழுத்தின் (கையால் பிடிக்கும் மெல்லிய பகுதி) உயரம், முன்கட்டையின் ஆழம் எல்லாம் கிடைத்துவிடும்.

தடிமன் ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று. லாக்கைச் சுற்றிய தட்டைப் பகுதி முதலாவது. லாக் பிளேட்டின் மேலும் கீழும் 1/8 அங்குல விளிம்பு நின்றால் போதும், அதற்கும் குறையலாம். பாதி வேலையாகச் செதுக்கி வரும் கட்டைகளில் இது இருமடங்கு இருக்கும், அங்கிருந்தே கழுத்தும் முன்கட்டையும் பருத்துவிடும். இரண்டாவது, குழலின் இருபக்கமும் ஏறி நிற்கும் மரம். மேல் ஓரத்தில் 3/32 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். மரம் குழலின் பக்கப்பட்டையின் நடுவரை ஏறினால் போதும். மூன்றாவது, ராம்ராட் பள்ளத்தின் இரு கரைகள். கோலின் பாதி வெளியே தெரிய வேண்டும். கரை உயரமாக இருந்தால் முன்கட்டை தொந்தி போட்டதாகத் தெரியும்.

உருட்டும் முறை: முன்கட்டையைச் சதுரத்திலிருந்து எண்பட்டையாக்கி, பட்டைகளின் அகலம் முனைவரை ஒரே சீராகக் குறைகிறதா என்று பார்த்த பிறகே முனைகளை உடையுங்கள். நேரே உருட்டினால் அலை அலையாக வரும். சுருள்ரேகையில் நார் மாறி மாறி ஏறி இறங்குவதால் இழைப்புளி பிய்த்துவிடும். மர அரம், பிறகு ஸ்க்ரேப்பர் (சுரண்டும் தகடு). பித்தளை ஓரத்தில் வெறும் உப்புத்தாள் வேண்டாம். மரம் தேயும், பித்தளை நிற்கும், ஓரத்தில் பள்ளம் விழும்.

பித்தளைக்கரை

மேலே சொன்னதில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். டிக்கர்ட் பாணி என்றால் கன்னத்திட்டுக்குப் பின்னால் புடைப்புச் செதுக்கு வரும். டேங்குக்குப் (குழலின் பின்முனையில் நீளும் தகடு) பின்னாலும் சிறியதாக ஒன்று வரும். அந்த இரண்டு இடத்திலும் இப்போதே கடைசி அளவுக்கு இறங்கிவிடாதீர்கள். 1/16 அங்குலம் மிச்சம் விட்டு, வரைந்து, விளிம்பை உளியால் குத்தி, சுற்றிலும் தரையை இறக்கும்போதுதான் கடைசி அளவுக்கு வர வேண்டும். முடிந்த செதுக்கு தரையிலிருந்து 1/32 அங்குலம் உயர்ந்து நின்றாலே போதும். பழைய வேலையில் நிழலைத் தருவது உயரம் அல்ல, விளிம்பின் கூர்மை. குத்தும்போது உளியைச் செதுக்கிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து வெட்டுங்கள். உள்பக்கமாகச் சாய்த்தால் விளிம்பின் அடி அரிந்து, மெல்லிய சுருள்கள் நார்வாக்கில் தெறித்துவிடும்.

பேட்ச் பாக்ஸும் (குண்டைச் சுற்றும் துணி வைக்கப் பின்கட்டையில் வரும் மூடியுள்ள பெட்டி) இதே கட்டத்தில். லங்காஸ்டரில் வழக்கமானது நான்கு துண்டு: பூ வடிவத் தலை, மூடி, இரண்டு பக்கத் தகடு. 0.040 முதல் 0.050 அங்குலத் தகடு எடுங்கள். பின்கட்டையின் வளைவுக்குத் தகட்டை முதலில் வளைத்துவிட்டுத்தான் ஓரத்தைக் கீறிப் பதிக்க வேண்டும். தட்டையாகப் பதித்துவிட்டுத் திருகாணியால் இழுத்து வளைத்தால் தகடு சற்றுக் குறுகி, சுற்றிலும் சந்து விழும். மரத்துக்கு மேல் மயிரிழை உயரமாக நிற்கட்டும், கடைசியில் இரண்டையும் ஒன்றாக அராவிச் சமப்படுத்தலாம்.

அடுத்து, குழலைப் பிணைக்கும் பின்கள். மரம் நார்வாக்கில் மிகக் குறைவாகத்தான் நீளும், ஆனால் 44 அங்குல நீளத்தில் அந்தக் குறைவும் கணக்கில் வரும். மழைக்காலத்துக்கும் ஹீட்டர் ஓடும் குளிர்காலத்துக்கும் இடையே கட்டை நீளும், சுருங்கும். இரும்பு அப்படியே இருக்கும். பின்பக்கம் டேங் திருகாணி பிடித்திருப்பதால் அசைவெல்லாம் வாய்ப்பக்கம்தான் தள்ளும். துளை வட்டமாகவே இருந்தால் மெல்லிய முன்கட்டை குழலை ஒருபக்கம் வளைக்கும், இல்லையேல் பின்கம்பியருகே கீறல் விடும். 44 அங்குலத்துக்கு மூன்று காது போதும். 1/16 அங்குல எஃகு பின். துளை போட்ட பிறகு குழலை எடுத்து, காதிலுள்ள துளையை மட்டும் நீளவாக்கில் அராவுங்கள். லாக் பக்கம் உள்ள காதில் கொஞ்சம், வாய்ப்பக்கம் போகப் போக அதிகம். உயரவாக்கில் அராவினால் குழல் ஆடும்.

காதுகளுக்கு டவ்டெயில் (அவற்றைச் செருகும் புறாவால் வடிவப் பள்ளம்) வெட்டும்போது குழலின் நடுப்பகுதியில் சுவர் மெல்லியது என்பதை மறக்க வேண்டாம். அங்கே சுவர்த் தடிமனைக் கணக்கிட்டு, 0.040 அங்குல ஆழத்தோடு நிறுத்துங்கள். பின்னின் நீளம் கட்டையின் அகலத்தைவிடச் சற்றே குறைவாகவும், இரு முனையும் உருண்டும் இருக்கட்டும். கூர்முனை வெளியே வரும்போது மரச்சில்லைப் பெயர்க்கும்.

கொட்டாப்புளி

நன்றி. லாக் பேனல் விளிம்பு அளந்தேன், 1/4 அங்குலம் இருக்கிறது. இன்னொன்று: ட்ரிகர் கார்டுக்கு முன்னால் அடிப்பக்கம் இறங்கவே மாட்டேன் என்கிறது. ராம்ராட் துளை அங்கே கீழே போய்விட்டதோ?

இழைப்புளி

இருக்கலாம், நீளத் துளையில் பிட் நார்வாக்கில் விலகுவது சகஜம். அளக்க எளிய வழி: ராம்ராடைக் கடைசிவரை செருகிவைத்து, குழல் பள்ளத்தின் அடியில் 1/16 அங்குலத் துளை ஒன்று போட்டு, கோலைத் தொடும்வரை கம்பி விட்டு ஆழம் பாருங்கள். குழல் மூடிவிடும், வெளியே தெரியாது. குழலுக்கும் கோலுக்கும் இடையே 1/8 அங்குலம் இருப்பது சரி. 3/16 வரை சமாளிக்கலாம். கோலுக்குக் கீழே 1/8 மரம் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள், மிச்சமிருக்கும் இறக்கத்தை லாக்கின் நடுவிலிருந்து முன்பக்கமாக மெல்லப் பரப்புங்கள். திடீரென்று ஒரு வயிறு தெரிவதுதான் கண்ணை உறுத்தும்.

1/8-க்கும் குறைந்தால் சிக்கல் வேறு: லாக்கின் முன் திருகாணி குழலுக்கும் கோலுக்கும் நடுவே போக இடமிருக்காது. அப்போது திருகாணியின் அடிப்பக்கத்தையும் கோல் முனையையும் கொஞ்சம் அராவி வழிவிட வேண்டும். குழலில் கை வைக்காதீர்கள்.

சாயப்பட்டறை

பச்சை நிறத்துக்குப் பதில் ஒரே சொல்: சூடு. சாயம் தவறில்லை, வேலை பாதியில் நிற்கிறது. காய்ந்த இரும்பு நைட்ரேட் அப்படித்தான் இருக்கும். ஹீட் கன்னை மேலே ஓட்டும்போது ஒரு கட்டத்தில் பச்சை போய்ச் செம்பழுப்பு கண்ணெதிரே பரவும். பரவியதும் நகர்ந்துவிடுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால், முக்கியமாக முன்கட்டையின் மெல்லிய ஓரத்தில், கருகும்.

முழு வரிசை இது. ஸ்க்ரேப்பர் வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நாரை எழுப்பி, காயவைத்து, எழுந்த மயிரை மட்டும் சீவுங்கள். மூன்று முறை செய்தால் பிறகு எழாது. பித்தளை, இரும்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், சாயத்திலுள்ள அமிலம் இரண்டையும் தின்னும். இரும்பு நைட்ரேட் படிகம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து வீட்டிலேயே தயாரிக்கலாம் என்பவர்கள் உண்டு, அதில் எழும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். படிகம் கடையில் கிடைக்கும்போது அந்த வேலை தேவையே இல்லை. கையுறையும் கண்ணாடியும் இதற்கும் வேண்டும்.

தாராளமாகப் பூசுங்கள், முழுக்கக் காயட்டும், பிறகு சூடு. வெளிறிய இடத்தில் இரண்டாவது பூச்சு. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பள்ளங்களுக்குள் வழிந்ததையும் கழுவ வேண்டும், இல்லையென்றால் குழலின் அடிப்பக்கம் துருப்பிடிக்கும். எண்ணெய் போடும்வரை மந்தமாகத்தான் தெரியும், அதைப் பார்த்து மறுபடி மறுபடி பூச வேண்டாம். அதிகம் கறுத்துவிட்டால் எண்ணெய் தொட்ட தேய்ப்பு நாரால் தேய்த்து, கை அதிகம் படும் இடங்களில் வெளிற வைக்கலாம். ஒரே மேப்பிள் என்றாலும் மரத்துக்கு மரம் நிறம் மாறும் என்பதால் சோதனைத் துண்டு அதே கட்டையிலிருந்து வெட்டியதாகவும் அதே அளவு சீவியதாகவும் இருக்கட்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பக்கம் போகாதீர்கள், முதல் நாள் அழகாக இருக்கும், வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறிவிடும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, கடையில் விற்கும் பாயில்ட் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) மட்டும் போட்டால் வெகுநாள் பிசுபிசுக்கும். லின்சீட் அடிப்படையிலான வார்னிஷ் எடுத்து, உள்ளங்கையால் மெல்லிய பூச்சாகத் தேய்த்து, ஒவ்வொன்றையும் வெயிலில் காட்டுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.

பித்தளைக்கரை

குழலின் மேற்பட்டையில் பெயர் வெட்டும் கட்டம் வரும்போது டிக்கர்ட் பெயரை வெட்டாதீர்கள். உங்கள் பெயரையும் செய்த ஆண்டையும் வெட்டுங்கள். இப்படிச் செய்த துப்பாக்கி நாலு கை மாறி, தேய்ந்து, நிறம் முதிர்ந்த பிறகு பழைய அசலாக விற்கப்படுவதைத் தடுக்க அதுதான் வழி. எழுத்தைக் குழலுக்கு நிறமேற்றுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள்.