சப்போரோ குளிரில் முதல் ராமென்: எப்படிச் சாப்பிடுவது?

கார்முகில்:
பிப்ரவரியில் பனித் திருவிழா பார்க்க நானும் அம்மாவும் ஜப்பானில் உள்ள சப்போரோ போகிறோம். மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதைச் சூப்பில் கரைத்து, நூடுல்ஸ் போட்டுத் தரும் மிசோ ராமென் பிறந்த ஊரிலேயே அதைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று பல நாள் ஆசை. ஜப்பானிய மொழி ஒரு எழுத்தும் தெரியாது. கடை வாசலில் சாப்பாட்டுக்குச் சீட்டு எடுக்கும் டிக்கெட் இயந்திரம் இருக்குமாமே, அதில் எதை அழுத்துவது? அம்மா சைவம். இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் போதுமா?

வடகாற்று:
எட்டு வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். முதலில் அம்மா விஷயம். இறைச்சியை எடுத்தாலும் அது சைவம் ஆகாது. சூப்பே பன்றி எலும்பையும் கோழி எலும்பையும் மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுப்பது. பயறு முளையை வதக்குவதும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில்தான். சைவ ராமென் என்று தனியாகவே போடும் கடையை முன்கூட்டியே தேடி வையுங்கள்.

இயந்திரம் சுலபம். முதலில் பணம், அப்புறம் பொத்தான். எதுவும் புரியாவிட்டால் மேல் வரிசையில் இடது ஓரத்தை அழுத்துங்கள். கடையின் முக்கியமான ராமென் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வரும் சீட்டைச் சமைப்பவருக்கு முன்னால் மேடைமேல் வைத்தால் போதும், பேசவே வேண்டாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. என் முதல் குளிர்காலத்தில், மைனஸ் எட்டு டிகிரியில் வரிசையில் நின்றுவிட்டு உள்ளே போனேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் கிண்ணத்திலிருந்து ஆவியே வரவில்லை. ஆறிவிட்டது போல என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் விட்டேன். மூன்று நாள் நாக்கில் ருசியே தெரியவில்லை! சூப்பின் மேல் உருக்கிய பன்றிக் கொழுப்பு கண்ணாடித் தகடு போல மூடியிருக்கும். சூடு வெளியே போகாது, அதனால் ஆவியும் வராது. இங்கே பல கடைகளில் இப்படித்தான் தருவார்கள், குளிர் ஊர் அல்லவா. கரண்டியால் அந்தப் படலத்தை மெதுவாக விலக்கினால் அடியிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பும். அதைப் பார்த்த பிறகு ஊதிக் குடியுங்கள்.

நூடுல்ஸை உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். சத்தம் வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காற்றும் கூடவே உள்ளே போவதால் சூடு தணியும், மிசோ வாசனை மூக்குக்கு ஏறும். சப்போரோ நூடுல்ஸ் தடித்து, சுருண்டு, மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் நிறம், மாவில் சேர்க்கும் கான்சுய் என்ற, சோடா உப்பு போன்ற பொருளின் வேலை.

நெய்தல்22:
நான் டோக்கியோவில் இருக்கிறேன். ஆயிரம் யென் தாள் சில கையில் வைத்திருங்கள், பெரிய தாளை வாங்காத இயந்திரங்கள் உண்டு. 2024 ஜூலையில் வந்த புதுத் தாள்களைச் சில பழைய இயந்திரங்கள் ஏற்பதில்லை. அப்போது கடைக்காரரிடம் தாளைக் காட்டினால் மாற்றித் தருவார்.

கார்முகில்:
அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு வேறு கடை தேடுகிறேன். வெண்ணெயும் சோளமும் சேர்த்து வாங்கலாமா?

வடகாற்று:
தாராளமாக. வெண்ணெயை உடனே கலக்கிவிடாதீர்கள். முதல் பாதி சூப்பை அது இல்லாமல் குடித்துப் பாருங்கள், அப்புறம் ஓரமாகக் கரைய விடுங்கள். படம் எடுப்பதானால் ஒன்றே ஒன்று. நூடுல்ஸ் ஊறிக்கொண்டே இருக்கும். திருவிழா நடக்கும் ஓதோரி பூங்காவிலிருந்து சுசுகினோ ராமென் சந்துக்கு நடந்தே வந்துவிடலாம். வழியெல்லாம் பனி இறுகி வழுக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.